மூன்று பெண்குதிரைகளும் ஒரு ஜோடி ஹெட்லைட்டும்

அக்டோபர் 17

இன்று காலை என் வண்டியின் கண்ணாடியில் ஒரு குதிரை வால் வந்து படிந்தது. வைப்பர் போட்டால் வாரிவிட்டிருக்கும். அவ்வளவு பக்கம்.

வழக்கம்போல ஆறே காலுக்கு எங்கள் ஊர் தாஷ்-புலாக்கிலிருந்து நாரின் டவுனுக்குக் கிளம்பினேன். பதின்மூன்று பேர், தினமும் சந்தைக்கு வரும் கலிபாவின் நாலு கேன் பாலாடை, ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. கிசில்-பெல் கணவாய் தாண்டி இறங்கும்போது இன்னும் விடியவில்லை. என் ஹெட்லைட்டின் லட்சணம் தெரிந்ததுதான். எரிகிறதா இல்லையா என்று இறங்கிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அந்த மஞ்சளில், அந்த இருட்டில், நடு ரோட்டில் ஒரு கறுப்புப் பெண்குதிரை. பிரேக்கின் மேல் ஏறி நின்றேன். பாலாடை முழுக்க முன் சீட்டுக்காரர் மடியில்.

கலிபா பின்னாலிருந்து கேட்டாள்: "ஏண்டி அனார்குல், நீ வண்டி ஓட்டுறியா, தடவுறியா?"

எல்லாரும் இரண்டாவது தடவையாகக் கைகளால் முகத்தைத் தடவி, நல்லபடி போய்ச் சேர ஓமின் சொன்னார்கள். மற்ற வண்டிகளில் கிளம்பும்போது ஒரு தடவைதான் சொல்வார்கள்.

அந்தக் குதிரை யாருடையது? உலகத்தில் இத்தனை குதிரை இருக்க, என் கணவனின் அண்ணனுடையது.

சாயங்காலம் மனிதர் வந்துவிட்டார். விருந்தாளி உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். ஏழு கிண்ணம் டீ. ஏழும் நான்தான் ஊற்றினேன். பிறகு என் கிழவனைப் பார்த்து, நான் அங்கே இல்லாத மாதிரி, பேச ஆரம்பித்தார்.

"சாத்கின், அந்தத் தகர டப்பாவை எங்கிட்ட குடுத்துடு. மூணு பெண்குதிரை தர்றேன். உன் பொண்டாட்டி வீட்ல இருந்து பால் கறக்கட்டும். அதைப் புளிக்கவச்சுக் கோடை முழுக்கக் குமிஸ் குடி, உன் முதுகும் நிமிரும்."

"வண்டியை வச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க?" என்றேன்.

"கோழி அடைக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

கோழி! நான் மூன்று வருஷமாகப் பெருக்கித் துடைத்து, சீட்டுக்கு உறை தைத்துப் போட்ட வண்டியில்!

வண்டிப் பத்திரம் சாத்கின் பெயரில். பத்தொன்பது வருஷம் அவன் ஓட்டினான். முதுகுத் தட்டு விலகிப் படுத்த பிறகு நான் ஓட்டுகிறேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கூரையில் என்ன எழுதியிருந்ததோ, கடைசியில் தீர்ப்புச் சொன்னான்.

"டிசம்பர் ஒண்ணாந்தேதி வரைக்கும் பாப்போம். அதே குதிரை, அதே எடம், இதே இருட்டு. அறுபது காலடிக்கு முன்னாடியே பாத்து நிறுத்திட்டான்னா வண்டியை அவ பேருக்கே எழுதிடறேன். இல்லேன்னா உங்க மூணு குதிரை."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? எனக்குக் குதிரை என்றால் ஆகாது. குதிரை பிடிக்காத கிர்கிஸ் பொம்பளை நான் ஒருத்திதான் இருப்பேன். வெளியே தெரிந்தால் ஊரைவிட்டே தள்ளிவைப்பார்கள்.

அக்டோபர் 18

கணவனின் அண்ணன் பெயரை வாயால் சொல்லக்கூடாது. இருபத்தைந்து வருஷமாகச் சொன்னதில்லை. எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஜீனாலி. ஜீனாலி. ஜீனாலி.

அப்பாடா.

அக்டோபர் 21

ஹெட்லைட் கண்ணாடிக்குப் பற்பசை போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்று வாட்ஸப்பில் ஒருத்தன் சொன்னான். ஒரு டியூப் காலி. வண்டி முகத்தில் புதினா வாசனை. வெளிச்சம் அப்படியே இருக்கிறது.

"விளக்குல ஒண்ணும் இல்ல. பாக்குற விதத்துலதான் இருக்கு" என்கிறான் கிழவன், சோபாவில் படுத்தபடி.

அதனால் மதியம் நாரினில் கண் டாக்டரிடம் போனேன். பலகையில் கடைசி வரிவரை படிக்கச் சொன்னாள். படித்தேன். அதற்கும் கீழே அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது, அதையும் படித்தேன். "அக்கா, நீங்க போகலாம்" என்றாள்.

திரும்பி வரும்போது சோதனைச் சாவடி வளைவில் போலீஸ். எதிரெதிரே வந்த வண்டிகள் ஒன்றுக்கொன்று இரண்டு தடவை விளக்கை அடித்துக் காட்டிக்கொண்டன: முன்னால போலீஸ் நிக்குது, பாத்துப் போ. இந்த ரோட்டில் அதுதான் மரியாதை. முகம் தெரியாதவனுக்குக்கூட அடிப்பார்கள். எனக்கு மட்டும் மூன்று வருஷத்தில் ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட அடித்ததில்லை. நாரின் ஸ்டாண்டில் டிரைவர்கள் எல்லாரும் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், என்னைப் பார்த்ததும் டயரைப் பார்க்கிறார்கள்.

பொம்பளைன்னா போலீஸ் பிடிக்க மாட்டானா? என்னை மட்டும் தனியாப் பிடிச்சான் ரெண்டு தடவை.

அக்டோபர் 25

விளக்கைக் கழற்றினேன். நாலு திருகு, அதில் மூன்று துரு. நாலாவது ஆணி.

கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க வெள்ளி பூசிய கிண்ணம் ஒன்று இருக்க வேண்டும். இருந்தது. அதன் வெள்ளி உதிர்ந்து போய், பதிலாக உள்ளே முழுக்க ஏதோ தகடு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். டீத்தூள் பாக்கெட்டின் உள் தாள்! புரட்டினால் பின்பக்கத்தில் யானைப் படம். சிலோன் டீ.

இரண்டு விளக்கிலும் யானை. தாளைச் சுருக்கமே இல்லாமல், கரண்டி வைத்து நீவி, ஓரத்தைக் கத்தரித்து, அவ்வளவு ஒழுங்காக ஒட்டியிருக்கிறான் கிழவன். சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாத மனுஷன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தாளை இன்னொரு தடவை நீவிவிட்டேன். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது, நல்ல கோபம்.

"யோவ்! இதான் விளக்குல ஒண்ணும் இல்லையா? எத்தனை வருஷமாய்யா டீத்தூள் வெளிச்சத்துல ஓட்டினே?"

"எட்டு."

"எட்டு வருஷமா!"

"நம்ம பாப்பாவுக்குக் குடல்வால் ஆபரேஷன் பண்ணோமே, அந்த வருஷம். விளக்கு வாங்கணும்னு சந்தைக்குப் போனேன். அப்படியே அந்தக் காசோட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். அதுக்கப்புறம் பழகிடுச்சு." தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டு: "ஒரு குதிரை வாலைத் தொட்டிருப்பேனா நானு?"

தொட்டதில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஒரு யானையை இந்த டைரிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். இன்னொன்றைத் திரும்ப விளக்கிலேயே ஒட்டினேன். ஒரு கண் குருடாக ஓட்ட முடியாதே, எடுத்த யானைக்குப் பதிலாக இன்றைக்குப் புது டீப் பாக்கெட் உடைத்தேன்.

நவம்பர் 2

பெரிய பல்பு போட்டேன். சந்தைக்காரன், "இது லாரிக்குப் போடுறது அக்கா, நிலாவைக் கீழ இறக்கிடும்" என்றான். போட்டதும் வீட்டுச் சுவர் வெளுத்துவிட்டது. கிழவன்கூட சோபாவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான்.

சாயங்காலம் நாரினிலிருந்து திரும்பும்போது கணவாய் ஏற்றத்தில் ஏதோ கருகும் வாசனை. கலிபாவின் வறுத்த விதையோ என்று முதலில் நினைத்தேன். முழங்காலுக்குப் பக்கத்தில் சுடுகிறது. பார்த்தால் விளக்குச் சுவிட்ச் உருகி வழிகிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் முன்னால் ஒன்றுமே இல்லை. வானம்கூட இல்லை.

கணவாயில் வண்டியை நிறுத்தி வைக்கவும் முடியாது, குளிர் கொன்றுவிடும். கடைசியில் பன்னிரண்டு பேரும் இறங்கினார்கள். ஃபோன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு இரண்டு வரிசையாக முன்னால் நடந்தார்கள். பின்னால் நான் முதல் கியரில் உருண்டு வந்தேன். இரண்டு கிலோமீட்டர், உச்சி தாண்டி இறக்கத்தில் இருக்கும் சாலைப் பணியாளர் குடிசை வரைக்கும். யாரோ ஒருத்தன் கல்யாண ஊர்வலப் பாட்டு வேறு ஆரம்பித்தான்.

கலிபா ஜன்னலோரம் நடந்தபடியே சொன்னாள்: "டிக்கெட் காசு நீ எங்களுக்குத் தரணும்டி."

நவம்பர் 3

சிரிக்காத ஒரே ஜீவன் வண்டி மட்டும்தான்.

நவம்பர் 6

நுர்சாத் வந்திருந்தாள். எங்கள் ஊர்ப் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறாள். இருபத்தாறு வயசு, வீடு நாரினில், வெள்ளிக்கிழமை என் வண்டியில் போய் ஞாயிற்றுக்கிழமை என் வண்டியில் வருவாள். ஊர்வலத்தில் முதல் ஆளாக நடந்தவள் அவள்தான். பள்ளிக்கூட வோல்ட் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

எஞ்சினை ஓட விட்டு பேட்டரியில் வைத்தாள்: பதின்மூன்று புள்ளி எட்டு. பழைய பல்பைப் போட்டு, தற்காலிகமாக ஒரு சுவிட்ச் வைத்து, பல்பின் காலில் வைத்தாள்: பத்து புள்ளி ஒன்பது.

"அக்கா, மூணு வோல்ட் வழியிலயே காணாமப் போகுது. பேட்டரியிலேந்து கரண்ட் உள்ள உங்க முழங்கால்கிட்ட சுவிட்சுக்கு வந்து, அங்கேந்து திரும்ப முன்னாடி போகுது. முப்பது வருஷத்து ஒயர், நூல் மாதிரி மெலிசு, முனையெல்லாம் துரு. ஒவ்வொரு எடமும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்குது."

"தலைநகர்லேந்து நம்ம ஊர் ரோட்டுக்கு வர்ற பணம் மாதிரின்னு சொல்லு."

"அதேதான். மூணு வோல்ட் போச்சுன்னா வெளிச்சம் பாதிக்கு மேல போயிடும். நீங்க பெரிய பல்பு போட்டீங்க, அது இன்னும் நெறைய கேட்டுச்சு, சுவிட்ச் உருகிடுச்சு."

வழி என்ன? பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் நேராக விளக்குக்கே போக வேண்டுமாம். நடுவில் ரிலே என்று ஒரு குட்டிப் பெட்டி. சுவிட்ச் அந்தப் பெட்டிக்கு உத்தரவு மட்டும் போடும், பாரத்தைச் சுமக்காது.

உத்தரவு மட்டும் போடுவது. நம் வீட்டில் ஏற்கெனவே ஒன்று சோபாவில் இருக்கிறது என்றேன். கிழவன் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னேன்.

நவம்பர் 11

இன்று எழுதக் கை துள்ளுகிறது.

நாரின் உதிரிபாகச் சந்தையில் மின்சார வேலை பார்க்கும் ஷாய்மர்தானிடம் வண்டியை விட்டேன். இரண்டு ரிலே, விரல் தடிமன் ஒயர், புது சுவிட்ச். கிண்ணம் உதிர்ந்த விளக்குக்குப் பதிலாக வேறு விளக்கு. அவனிடம் இரண்டு ஜோடி இருந்தன. ஒன்று தீப்பிடித்த வண்டியிலிருந்து கழற்றியது, கண்ணாடி இரண்டும் விரிசல். மற்றது ஜப்பானில் ஓடின இதே மாதிரி வண்டியுடையதாம்.

"ஒரு கீறல் காட்டுங்க அக்கா, சும்மா தர்றேன்" என்றான்.

காட்ட முடியவில்லை. ஜப்பானை மாட்டிக்கொண்டேன்.

ஏறி உட்கார்ந்து போட்டேன். என்ன வெளிச்சம்! ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடு இத்தனை நாள் எங்கே இருந்தது? வழியில் முயல் மீசையைத் தடவிக்கொண்டிருந்தது தெரிந்தது. கிளம்பும்போது எல்லாரும் "வழி வெள்ளையா இருக்கட்டும்" என்று வாழ்த்துவார்களே, இன்றைக்குத்தான் அது என் வண்டியில் பலித்தது.

ஜீனாலி, கோழிக்கு வேறு இடம் பாருங்கள்.

நவம்பர் 12

நம்பவே முடியவில்லை. காலையில் கணவாய்க்கு முன்னாலேயே எதிரே வந்த லாரி எனக்கு விளக்கை அடித்தது! இரண்டு தடவை! மூன்று வருஷத்துக்குப் பிறகு! உடனே வேகத்தை நாற்பதுக்குக் குறைத்தேன். "பெல்ட்டைப் போடுங்க எல்லாரும்! முன்னால போலீஸ்!" சீட்டுக் கிடைக்காமல் நின்ற பதினாலாவது ஆளைக் குனிந்து உட்காரச் சொல்லி, கலிபாவின் சால்வையைப் போட்டு மூடினேன். லாரிக்காரனுக்குக் கையை ஆட்டினேன், நானும் விளக்கை அடித்து நன்றி சொன்னேன்.

அடுத்த வண்டியும் அடித்தது. அதற்கடுத்ததும். எனக்கு ஒன்பது வண்டி! நாரின் வரைக்கும் நாற்பதிலேயே போனேன். போலீஸ் எங்கேயும் இல்லை. டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

நவம்பர் 13

பதினோரு வண்டி. அதில் முர்சாபெக் ஒருத்தன். அவன் நாரின் ஸ்டாண்டின் தலைவன், காலையில் அங்கிருந்து எங்கள் ரோடு வழியாக அத்-பாஷி ஊருக்கு வருவான், தினமும் எதிரும் புதிருமாகத்தான் பார்த்துக்கொள்வோம். இதுநாள்வரை வணக்கத்துக்குத் தலைகூட ஆட்டாதவன். இன்று எனக்கு நாலு தடவை அடித்தான். நாலு!

ரிலேவும் ஒயரும் இல்லை விஷயம். என் விளக்கு இத்தனை நாள் அவர்கள் கண்ணில் படவே இல்லை, அதுதான். இப்போது நானும் ரோட்டில் ஒரு ஆள். வண்டியை ஓரம் கட்டி ஒரு நிமிஷம் அழுதேன். கண்ணில் தூசி என்று கலிபாவிடம் சொன்னேன். நவம்பரில், உறைந்த ரோட்டில், என்ன தூசி?

நவம்பர் 14

விடிவதற்கு முன் எழுந்து இரண்டு படி மாவுக்குப் போர்சோக் பொரித்தேன். பொன்னிறமாய், உப்பலாய் வந்தது. நாரின் ஸ்டாண்டில் ஒவ்வொரு டிரைவருக்கும் கை நிறையக் கொடுத்தேன். "ரொம்ப நன்றி. மறக்க மாட்டேன். நீங்க எல்லாரும் எனக்குச் செய்யறது எனக்குத் தெரியும்" என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், வாய் நிறைய போர்சோக், மூடிக்கொண்டான். கூச்சம் போல. ஆண்பிள்ளைகளுக்கு நன்றி வாங்கத் தெரியாது.

முர்சாபெக் வரவில்லை. அவன் பங்கைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 16

செத்துப் போகலாம் போல இருக்கிறது.

காலை, கணவாய்க்கு அந்தப் பக்கம். எதிரே முர்சாபெக் வண்டி. விடாமல் அடித்துக்கொண்டே வந்தான், ஆறு, ஏழு தடவை. இன்றைக்குப் பெரிய சோதனைதான் போல என்று நான் இருபதுக்கு வந்துவிட்டேன், கையை ஆட்டினேன். அவன் வண்டி நேராகப் போய் ஓரத்துப் பனியில் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது. ஓடினேன். யாருக்கும் ஒன்றும் இல்லை. மீசையெல்லாம் பனியோடு இறங்கி வந்தான். நான் என்ன செய்தேன்? போர்சோக் பொட்டலத்தை நீட்டினேன். கடவுளே. நீட்டினேன்.

"ஏம்மா தாயே! உனக்கு அறிவு இருக்கா? அஞ்சு நாளா இந்த ரோட்டுல ஒருத்தனுக்கும் கண்ணு தெரியல! அடிக்கிறோம், அடிக்கிறோம், நீ கையை ஆட்டிக்கிட்டுப் போற! உன் விளக்கு நேரா எங்க மூஞ்சியில அடிக்குது!"

"போலீஸ்... இல்லையா?"

"எந்தப் போலீசு?"

"அப்ப ஸ்டாண்டுல யாரும் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் நின்னாங்க. நீ வாய்ல பலகாரத்தைத் திணிச்சா எப்படிச் சொல்றது?"

வண்டியில் பதின்மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கலிபா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் நுர்சாத்துக்கு ஃபோன் போட்டேன். ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். ஜப்பானில் இடப்பக்கம் ஓட்டுவார்கள். ரோட்டோரம் நன்றாகத் தெரிய அவர்கள் விளக்கு இடப்பக்கம் தூக்கி அடிக்கும். நாம் வலப்பக்கம் ஓட்டுகிறோம். நமக்கு இடப்பக்கம் இருப்பது ரோட்டோரம் இல்லை, எதிரே வருகிறவன் கண்.

அழுததை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா?

நவம்பர் 17

வண்டி எடுக்கவில்லை. ஜீனாலி வேலியோரம் நின்று கேட்டாராம், கோழிக்குத் தவிட்டு மூட்டை எப்போது இறக்கலாம் என்று.

நவம்பர் 18

இன்றைக்கும் எடுக்கவில்லை. குதிரையே வரட்டும், மூன்றல்ல முப்பது வரட்டும் என்றேன். கிழவன் சோபாவிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். டீ போட்டான். கிண்ணத்தில் பாதி கீழே.

"எனக்கும் மொத வருஷம் எவனும் அடிக்கல" என்றான். "ஒரு நாள் ஒருத்தன் அடிச்சான். ஆஹா, நம்மளையும் சேத்துக்கிட்டாங்கன்னு ரெண்டு தடவை ஹாரன் அடிச்சு நன்றி சொல்லிட்டு, விசில் அடிச்சுக்கிட்டே வந்தேன். வீட்டுக்கு வந்து பாத்தா பின்கதவு தொறந்து கெடக்கு. நாலு மூட்டை மாவு ரோட்டுல."

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட சொன்னதே இல்ல."

"மாவு திருட்டுப் போச்சுன்னு சொன்னேனே."

ஆமாம், சொன்னான். அந்தத் திருடனை ஒரு வருஷம் சபித்திருக்கிறேன்.

நவம்பர் 20

கிழவன் என்னோடு நாரினுக்கு வந்தான். கடைசி சீட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் அம்மா வீட்டு வம்சத்தையே திட்டிக்கொண்டு வந்தான். ஷாய்மர்தான் கடையில் தரையில் ஒரு கம்பளி விரித்து அவனைப் படுக்கவைத்தோம். படுத்தபடியே அந்தத் தீப்பிடித்த வண்டி விளக்கை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"இது நம்மள மாதிரி வலப்பக்கம் ஓட்டுற ஊர் விளக்குதான். கிண்ணம் கண்ணாடி மாதிரி இருக்கு. முன்கண்ணாடிதானே விரிசல்? நம்ம பழசுல கண்ணாடி முழுசா இருக்கு, எடுத்து இதுல மாட்டு."

ஷாய்மர்தான் தலையைச் சொறிந்தான். எனக்குத் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. சுடுகாற்றடித்துப் பிசினை இளக்கி, எங்கள் பழைய கண்ணாடி இரண்டையும் எடுத்து, புதிய கிண்ணத்தில் ஒட்டினோம். கண்ணாடியில் இன்னும் புதினா வாசனை. ஜப்பானை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன், "கீறல் இல்ல, பாத்துக்கோ" என்று.

நவம்பர் 22

நுர்சாத் பள்ளிக்கூடச் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். வண்டியைப் பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி, உள்ளே தலைமையாசிரியர் முதல் சமையல்காரி வரை பன்னிரண்டு பேரை ஏற்றினோம், பாரத்தோடு பார்க்க வேண்டுமாம். திருகைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் சுவரில் இறங்கியது. எதிரே வருகிறவன் பக்கம் தாழ்ந்தும், ரோட்டோரம் மெல்ல ஏறியும், கோட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தது.

பிறகு கணவாய் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது எதிரே ஆறு வண்டி. ஒருத்தரும் அடிக்கவில்லை.

அதுதான் சரி. அதுதான் வேண்டும் என்று தலைகீழாக நின்றேன். இருந்தாலும் ரோடு ரொம்ப அமைதியாக இருந்தது.

டிசம்பர் 1

பரீட்சை. காலை ஆறே முக்கால், அதே இறக்கம். பாதி ஊர் வந்திருந்தது, பாலாடை விற்பனையைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டுக் கலிபா. இறக்கத்தில் சரியாக எந்த வளைவு என்று மட்டும் எனக்குச் சொல்லவில்லை. எங்காவது இருக்கும், ஓட்டி வா என்றார்கள்.

ஜீனாலி லேசுப்பட்டவரா? கறுப்புக் குதிரையின் நெற்றியில் வெள்ளைப் பொட்டு உண்டு. அதனால் பின்பக்கத்தை எனக்குக் காட்டி நிறுத்தியிருக்கிறார். மேலே கறுப்புப் போர்வை. அவரும் கறுப்பு மேலங்கி, கறுப்புக் குல்லா. ஆனால் ஜெயிக்கப்போகிறோம் என்ற சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டு நின்றாரே! வாயில் ஆறு தங்கப் பல். வளைவு திரும்பியதும் தூரத்தில் பொடிப்பொடியாய் ஏதோ மின்னியது. என்ன என்று பார்த்தேன், பல். பல்லுக்குக் கீழே மேலங்கி, மேலங்கிக்குப் பக்கத்தில் குதிரை. நிறுத்திவிட்டு ஹாரனையும் ஒரு அழுத்து அழுத்தினேன். அவசியமில்லைதான். குதிரை அவரை இழுத்துக்கொண்டு ஓடைவரை போனது.

சாத்கின் கம்பை ஊன்றி அவனே அளந்தான். நூற்றுப் பன்னிரண்டு காலடி.

"பல்லு கணக்குல சேராது!" என்று ஓடைப் பக்கமிருந்து கத்தினார்.

"அப்ப வாயை மூடிட்டு நின்னிருக்கணும்" என்றான் என் கிழவன், தன் அண்ணனிடம், ஊர் முன்னால்.

டிசம்பர் 4

வண்டிப் பத்திரத்தில் என் பெயர். மூன்று தடவை படித்தேன். ஸ்டாண்டில் யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் டயரைத்தான் பார்க்கிறார்கள். போர்சோக் ஞாபகம் எல்லாருக்கும் இருக்கிறது.

டிசம்பர் 9

சாயங்காலம் நாரினிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். சோதனைச் சாவடிக்கு முந்தைய நேர் ரோடு, நன்றாக இருட்டிவிட்டது. எதிரே முர்சாபெக் வண்டி. இரண்டு தடவை விளக்கை அடித்தான்.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இன்னும் என்னடா உனக்கு? கோடு போட்டு, மில்லிமீட்டர் மில்லிமீட்டரா இறக்கி வச்சிருக்கேன், உன் மூஞ்சியில ஒரு சொட்டு வெளிச்சம் படுதாடா? "போடா!" என்று ஜன்னலைத் திறந்து கத்திவிட்டு, ஆத்திரத்தில் காலை அழுத்தினேன்.

வளைவு திரும்பினால் போலீஸ். வேகம் எண்பத்தாறு.

அந்த அதிகாரி நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினான். எழுதிக்கொண்டே, "அக்கா, உங்களுக்கு எதிர்ல யாரும் அடிச்சுக் காட்டலையா?" என்று சிரித்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏறி உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. அபராதம் கட்டியவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை போல. கலிபா தண்ணீர் குடிக்கக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முர்சாபெக்கிடமிருந்து ஃபோன். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"ஏம்மா, அடிச்சுக் காட்டினேனே, பாக்கலையா?"

"எனக்கா அடிச்சே?"

"பின்ன? உன் பின்னாடி வந்த மாட்டுக்கா?"

அந்தப் போர்சோக் பொட்டலம் அன்றைக்கு என் கையிலேயே நின்றுவிட்டது, தன் பங்கு இன்னும் வரவில்லை என்றான்.

அபராதச் சீட்டை யானைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கிழவன் எட்டிப் பார்த்து, "இதை எதுக்குடி ஒட்டி வைக்கிறே?" என்றான். பிறகு சொல்கிறேன் என்றேன். மாவு பிசைந்து மூடி வைத்தாயிற்று. காலையில் ஆறே காலுக்கு வண்டி.